திரைக்கு முன்னால் ஒரு வான்கோழி

1822ஆம் ஆண்டில், தமது 81ஆம் வயதில், சார்ல்ஸ் வில்ஸன் பீல் என்ற அமெரிக்க ஓவியர் தம்மையே ஏறக்குறைய ஆளுயரத்தில் வரைந்தார். கறுப்பு உடை அணிந்த முதியவர் ஒருவர் கனத்த திரையொன்றைக் கையால் உயர்த்திப் பிடித்திருக்கிறார். திரைக்கு அப்பால், ஃபிலடெல்ஃபியாவில் அவர் உருவாக்கிய அருங்காட்சியகத்தின் நீண்ட கூடம் தெரிகிறது. அங்கே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள், பேழைகளுக்குள் பறவைகள், அவற்றுக்கு மேலே நாட்டின் பெரிய மனிதர்களின் உருவப்படங்கள்.

திரைக்கு இப்பால் இருப்பவற்றை அவசரமாகப் பார்ப்பவர்கள் தவறவிட்டுவிடக்கூடும். ஒருபுறம் மாஸ்டடான் என்னும் தொல்யானையின் எலும்புகள். மேசைமேல் வண்ணத்தட்டும் தூரிகைகளும். மறுபுறம், தரையில் இருக்கும் கருவிப்பெட்டியின் மேல் சிறகு சரிந்து கிடக்கிறது ஒரு காட்டு வான்கோழி. அது இறந்துவிட்டது, இன்னும் பாடம் செய்யப்படவில்லை. 1819-20இல் ஸ்டீஃபன் லாங் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்ற ஆய்வுப் பயணத்தில் கலந்துகொண்ட பீலின் மகன் டிஷியன் கொண்டுவந்த பறவை அது.

விலங்கின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, உயிருள்ளதைப்போல் நிறுத்தும் தொழிலை நாம் ‘பாடம் செய்தல்’ என்கிறோம். பாடம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் வேறு பொருள்களும் உண்டு: கற்பது ஒன்று, ஏட்டில் வழிவழியாய் வரும் வாசகம் மற்றொன்று. பிரதி எடுப்பவரின் கைக்கேற்ப ஏட்டில் பாடபேதம் நேர்வதுபோல, பாடம் செய்பவரின் கைக்கேற்பப் பறவையும் வேறுபடும். ஆகவே யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி இத்தொழில் தோன்றிய நாள்முதல் இருந்து வருகிறது. வசந்த காலத்தில் வேட்டைக்குச் செல்லும் அமெரிக்கர் தாம் சுட்ட வான்கோழியை ஏந்திக்கொண்டு இன்றும் கேட்பது அதே கேள்விதான்.

மற்ற பறவைகளைவிட வான்கோழிக்கு இந்தக் கேள்வி கூர்மையானது. மயிலைப் போலி செய்யும் பறவையாக மூதுரை வழியே நமக்கு அது அறிமுகமானதால், அதன் அழகை நாம் பொருட்படுத்துவதில்லை. காட்டு வான்கோழியின் இறகில் வெயில் படும்போது செம்பும் வெண்கலமும் பச்சையும் மாறி மாறி மின்னும். இறகு இறந்த பின்னும் நிறம் மாறாது. சிக்கல் தலையில் இருக்கிறது. சேவலின் தலையும் கழுத்தும் இறகற்ற வெறுந்தோல். அதன்மேல் சதை முடிச்சுகள், அலகின் மேல் தொங்கும் சதைத்திரி. உயிருள்ள பறவையில் இவை மனநிலைக்கேற்பச் சிவப்பாகவும் வெண்மையாகவும் நீலமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிறம் தோலில் ஓடும் குருதியைச் சார்ந்தது. உயிர் போனதும் நிறமும் போய்விடும். உலர்ந்தால் சதை சுருங்கிவிடும். ஆகவே பேழைக்குள் நாம் காணும் வான்கோழியின் உடல் பறவையுடையது, முகத்தின் நிறமோ ஓவியனுடையது. இன்றைய கைவினைஞர் தலையை உறைநிலையில் உலர்த்தினாலும், அச்சில் வார்த்த செயற்கைத் தலையைப் பொருத்தினாலும், கடைசியில் தூரிகையை எடுத்தே தீரவேண்டும்.

பீலிடம் தூரிகை இருந்தது. பாடம் செய்யும் கலையைத்தான் அவர் தோற்றுத் தோற்றுக் கற்றார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அனுப்பிய அங்கோராப் பூனை அவருடைய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அது நிலைக்காமல் கெட்டுப்போயிற்று. பிறகு அவர் வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, நாடினார். ஐரோப்பாவில் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கூர் ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றைக் கண்டறிந்திருந்தார். அதன் செய்முறையை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1777இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே அது பரவியது. இத்தகைய நஞ்சுகள் வருமுன் பூச்சிகளிடமிருந்து தப்பிய பறவைத் தோல்கள் மிகக் குறைவு.

1787இல் ஜார்ஜ் வாஷிங்டன், பிரான்ஸிலிருந்து தமக்குப் பரிசாக வந்து இறந்துபோன பொன்னிறச் சீனக் காட்டுக்கோழிகளைப் பீலுக்கு அனுப்பினார். அவை இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பீலின் அருங்காட்சியகம் கலைந்து, சேகரிப்பின் ஒரு பகுதி சர்க்கஸ் புகழ் பார்னமின் கைக்குச் சென்று தீயில் அழிந்தது. மறுபகுதி பாஸ்டனுக்குப் போனதால் இந்தப் பறவைகள் பிழைத்தன. கைதேர்ந்தவர் யார் என்பதற்கு இருநூறு ஆண்டுகளைக் கடந்த சான்று இதைவிட வேறென்ன வேண்டும்?

நஞ்சு தோலைக் காக்கும், உயிர்த்தோற்றத்தைத் தராது. அக்காலத்தில் பலர் உரித்த தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தார்கள். பீல் பெரிய விலங்குகளுக்குத் தசையின் மேடுபள்ளம் தெரியும்படி மரத்தில் உருவம் செதுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தினார். பறவைகளின் பின்னால் அவை வாழும் நிலத்தை வரைந்து வைத்தார். திணிப்பவனுக்குத் தோல் ஒரு பை. செதுக்குபவனோ தோலுக்குள் இருந்த உடலை அறிந்திருக்க வேண்டும்.

அந்த அறிவின் பயன் பேழையோடு நிற்கவில்லை. அலெக்ஸாண்டர் வில்ஸன் தமது புகழ்பெற்ற அமெரிக்கப் பறவை நூலுக்கான படங்கள் பலவற்றைப் பீலின் கூடத்திலிருந்த பறவைகளைப் பார்த்தே வரைந்தார். சிறிது காலம் சின்சினாட்டி அருங்காட்சியகமொன்றில் பாடம் செய்யும் வேலை பார்த்த ஆடுபான் வேறு வழியில் போனார். அப்போதுதான் கொன்ற பறவையைக் கட்டம் போட்ட பலகைமேல் கம்பிகளால் நிறுத்தி, உடல் விறைக்குமுன் வரைந்தார். அவருடைய பெருநூலின் முதல் படமாக அமைந்தது காட்டு வான்கோழிச் சேவல்.

பீலின் ஓவியத்தில் கூடத்தைத் திறந்துகாட்டுபவர் பீல் ஒருவரே. அக்கூடத்துக்காக உழைத்த கைகளோ பல. அவருடைய வீட்டிலேயே அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ் அங்கே பாடம் செய்யவும், காட்சிப்பொருள்களை அமைக்கவும் பயிற்சி பெற்றவர். மாஸ்டடான் எலும்புகளைப் பொருத்துவதிலும் உதவியவர். 1802வாக்கில் விடுதலை பெற்ற அவர், அதே அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களின் பக்கத்தோற்றத்தை நிழலுருவமாகத் தாளில் வெட்டித் தந்து பிழைத்தார். வெட்டியவர் யார் என்று அறியாமலே மக்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

கடலுக்கு அப்பால் எடின்பரோவிலும் இதே கதை நடந்தது. டெமராராவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் 1826இல் ஓர் இளைஞனுக்குப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மாதம். மொத்தக் கட்டணம் ஒரு கினி. அந்த இளைஞன் சார்ல்ஸ் டார்வின். பின்னாளில் கலாபகோஸ் தீவுகளின் பறவைத் தோல்கள் இங்கிலாந்து வந்து சேர்ந்ததில் அந்த ஒரு கினிக்கும் பங்கு உண்டு.

இத்தொழில் உடலையும் விலையாகக் கேட்டது. பீலின் மூத்த மகன் ரஃபேல் அசைவற்ற பொருள்களை வரைவதில் தேர்ந்த ஓவியர். அருங்காட்சியகத்தில் ஆர்சனிக்கையும் பாதரச உப்பையும் கையாண்டவர். நீண்ட நோய்க்குப் பின் 1825இல் அவர் இறந்ததற்கு இந்த நஞ்சுகளே காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அக்காலத்துப் பேழைகளைத் திறக்கும் அருங்காட்சியகப் பணியாளர்கள் இன்றும் கையுறை அணிந்துகொள்கிறார்கள்.

இதற்கிடையில் பறவையே காட்டிலிருந்து மறையத் தொடங்கிற்று. காடுகள் வெட்டப்பட்டன, வரம்பற்ற வேட்டை நடந்தது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் கொல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அப்பறவையே இல்லை. அந்நிலங்களில் பாடம் செய்ய முனைந்தவனுக்கு உயிருள்ள பறவையைப் பார்க்க வாய்ப்பில்லை. பழைய பாடத்தைப் பார்த்தே புதிய பாடம் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

பறவையை மீட்க முயன்றவர்களுக்கும் போலி உதவவில்லை. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்ட வான்கோழிகளுக்குக் காட்டில் வாழத் தெரியவில்லை, அவை மடிந்தன. 1950களில், வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலைகளைக் கொண்டு உண்மையான காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறிடங்களில் குடியேற்றிய பிறகே நிலைமை மாறிற்று. இன்று அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு.

ஆகவே கைவினைஞரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தலையைப் பார்க்க வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து தோலுக்குள்ளிருந்து வருகின்றனவா, மேலே பூசிய சாயமாக நிற்கின்றனவா? மார்புத் தோலின் கொழுப்பு முழுதும் நீக்கப்பட்டதா? நீக்காவிட்டால் சில ஆண்டுகளில் எண்ணெய் கசிந்து இறகைக் கெடுத்துவிடும். தோகை விரித்து நிற்கும் சேவலின் தலைநிறமும் அமைதியாக மேயும் சேவலின் தலைநிறமும் ஒன்றல்ல. நிறுத்திய நிலைக்கேற்ற நிறத்தை அவர் தீட்டியிருக்கிறாரா? புதிதாக முடித்தவற்றோடு, பத்தாண்டுக்கு முன் செய்தவற்றையும் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கடைசியாக உயிருள்ள வான்கோழியை எப்போது பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

பீலின் ஓவியம் இப்போது ஃபிலடெல்ஃபியாவிலுள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் இருக்கிறது. கருவிப்பெட்டி ஒருபுறம், வண்ணத்தட்டு மறுபுறம், இரண்டையும் கையாளத் தெரிந்த முதியவர் நடுவே. வான்கோழி மட்டும் இன்னும் திரைக்கு முன்னாலேயே காத்துக் கிடக்கிறது.