முதுகுத்தண்டில் ஒரு பாதாம் பருப்பு

பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். எர்ரர் ஒரு வரியில காட்டும், பிழை நாப்பது வரி மேல இருக்கும். முதுகுத்தண்டுல வர்ற சில கட்டிகளும் அப்படித்தான்.

நரம்பு, மின்கம்பி மாதிரி. மேல ஒரு உறை உண்டு. அதுல இருக்கும் செல்களை 1839-ல் விவரித்தவர் தியோடர் ஷ்வான். அவர் பெயரால்தான் இந்த உறையில் வரும் கட்டிக்கு ஷ்வான்னோமா என்று பெயர். பெரும்பாலும் புற்று அல்ல, மெதுவாக வளரும். ஆனா இடம் மோசம். விரல் தடிமன் கூட இல்லாத தண்டுவடத்தை எலும்புக் குழாய்க்குள்ள வச்சு நசுக்கும்.

நெஞ்சுப் பகுதி நரம்புல வந்தா மாரடைப்பு மாதிரி வலிக்கும். கொஞ்சம் கீழே வந்தா பித்தப்பை, குடல்வால்னு சந்தேகம் போகும். படுத்தா வலி கூடும், உட்கார்ந்தா குறையும்.

இனி கதைக்கு வருவோம். 1887, லண்டன். 42 வயது ராணுவ கேப்டன் ஒருவருக்கு மூணு வருஷமா தோள்பட்டைக்குக் கீழே வலி. பல டாக்டர்கள் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் கால்கள் செயலிழந்தன. வில்லியம் கவர்ஸ், உடம்பில் உணர்ச்சி எங்கே நிற்கிறது என்பதை வைத்தே கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் எட்டு வருஷம் இருக்கு! ஜூன் 9 அன்று விக்டர் ஹார்ஸ்லி கத்தி எடுத்தார். திறந்த இடத்தில் ஒன்றுமில்லை. விடாமல் இன்னும் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தால், பாதாம் பருப்பு வடிவில் ஒரு கட்டி! ஒரு வருஷத்தில் அந்த மனிதர் நடந்தார், வேலைக்கும் திரும்பினார். முதுகுத்தண்டுக் கட்டியைக் கண்டறிந்து வெற்றிகரமாக அகற்றியதில் இதுவே முதல் என்பார்கள். ஷ்வான்னோமா என்ற பெயரெல்லாம் அப்போது இல்லை. இவ்வகைக் கட்டி உறை செல்லிலிருந்து வருகிறது என்று வெரோகே எழுதியது 1910-ல்தான்.

நம்ம பக்கம் இது வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் படித்த ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. தர்மபுரி அப்போ தனி மாவட்டம் கூட இல்லை, சேலத்தில் ஒரு பகுதி. 1965-ல்தான் பிரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008-ல்.

எங்க மாவட்டத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. கிணத்துத் தண்ணியில ஃபுளோரைடு. அது எலும்பைத் தடிக்க வச்சு தண்டுவடத்தையே நெருக்கிடும். 1937-லேயே சென்னை மாகாணத்தில் ஷார்ட் குழுவினர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-ல். அதனால முதுகு வலின்னா "தண்ணி சரியில்லை"ன்னு சொல்றது எங்களுக்குப் பழக்கம்.

என் பெரியம்மாவுக்கும் அதையேதான் சொன்னோம். இடுப்பைச் சுத்தி வலி. ஒரு டாக்டர் வாயுன்னார், ஒருத்தர் அல்சர்ன்னார். ரெண்டு வருஷம் கழிச்சு செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாம நடந்தாங்க. பெங்களூர்ல எம்.ஆர்.ஐ எடுத்தப்பதான் தெரிஞ்சது. கட்டியை எடுத்தாச்சு. இப்ப மாட்டுக்கு அவங்களேதான் தீவனம் வைக்கிறாங்க. கால் மட்டும் லேசா மரத்திருக்கு. அந்த ரெண்டு வருஷத்துக்கான வட்டி அது.

அதனால மக்களே, ராத்திரி படுத்தா கூடுற வலி, கால் தடுமாற்றம், செருப்பு நழுவுறது, மூத்திரம் போறதுல சிரமம் - இதெல்லாம் வீட்டுப் பெரியவங்க சொன்னா, "வயசாச்சு"ன்னு தள்ளாதீங்க. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை :-)