குளியாளிகளின் கருவிகள் (மன்னார் வளைகுடா)

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுக்க மூழ்குவோருக்குக் குளியாளிகள் என்று பெயர். அவர்களுடைய கருவிகள் நெடுங்காலம் கல், கயிறு, வலைப்பை என்ற அளவோடு நின்றன. சீக்கிரம் அடிக்குப் போகவும் சீக்கிரம் மேலே வரவும் அவை உதவின. மூச்சுக்கு உதவ எதுவும் இல்லை. மதுரைப் பாண்டியருக்குப் பேர் வாங்கித் தந்த கொற்கை முத்தெல்லாம் இப்படி மூச்சடக்கி எடுத்தவைதான். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ், இங்கே தண்டனைக் கைதிகள் முத்தெடுத்ததாகச் சொல்கிறது.

கிணற்றுப் பாசன ஊர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி எழலாம்: வாளி விழுந்தால் பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவுகிறோமே, முத்துக்கும் அப்படிச் செய்யலாகாதா? ஆகாது. முத்துச்சிப்பி தன் நாரிழைகளால் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும். ‘பார்’ எனப்படும் அந்தக் கடலடிப் பாறைத் திட்டுக்கு ஆளே இறங்கிக் கையால் பறிக்க வேண்டும்.

கல் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். குளியாளி அதன் கயிற்று வளையத்தில் ஒரு காலை நுழைத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு இறங்குவார். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். படகில் இருப்பவர் கல்லை மட்டும் மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில நொடிகள். அதற்குள் அகப்பட்டதை வலைப்பையில் அள்ளிக் கயிற்றைச் சுண்ட, மேலே இழுத்துவிடுவார்கள். பெரும்பாலும் இருவருக்கு ஒரு கல், முறை வைத்து இறங்குவார்கள். இலங்கைப் பார்களுக்கு வந்த அரபுக் குளியாளிகள் கொம்பில் செய்த மூக்குக் கவ்வி மாட்டினார்கள். இந்தக் கரையின் கடலோடிகளான பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் விரலோடு நின்றார்கள்.

சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரரான கடல்கட்டியையும் இந்தக் கருவிப் பட்டியலில் சேர்ப்பதே நியாயம். அவர் கரையில் இல்லாமல் யாரும் நீரில் இறங்கமாட்டார்கள். அவருக்கு இருபதில் ஒரு பங்கு போனதாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் பரவர் கத்தோலிக்கரான பிறகும் கடல்கட்டியின் பங்கு நிற்கவில்லை.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் ஸ்கூபா அணிந்து பார்களை ஆராய்ந்தார்கள். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவி அது. ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றைத் தருவதால் மூச்சைக் குறித்த கவலை போயிற்று.

சங்கு குளிப்பவர்களிடம் முதலில் கண்ணாடி முகமூடி வந்தது. பிறகு படகில் ஓடும் கம்ப்ரசரும் நீண்ட ரப்பர் குழாயும் வந்தன. வருமானம் கூடியது, ஆபத்தும் கூடியது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் 3 மடங்கு. அங்கே நெடுநேரம் இருந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று ஏறினால் குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. எஞ்சின் புகை குழாய்க்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. மூச்சு முட்டினால் மேலே வந்தே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயம் ஒருவகையில் காவலாகவும் இருந்தது.

ராமேசுவரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் குழாயில்லாமல்தான் மூழ்குகிறார்கள்: நீச்சல் கண்ணாடி, பவளப்பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை.