சொல்லப்படாத முடிவு: சாத்தூரிலிருந்து மெர்லிமாவ் வரை, இரத்த ஏற்றமும் தொற்று அச்சமும்

2018 டிசம்பர் 3 அன்று விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகையோடு இருந்த எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த இரத்தத்தை நவம்பர் 30 அன்று சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியில் கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினர் ஒருவருக்காகவே அவர் கொடுத்திருந்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தாமே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. குற்றவுணர்வு தாளாமல் நஞ்சருந்திய அவர் அந்த மாத இறுதியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்தார். 2019 சனவரியில் அதே மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு 25 இலட்சம் ரூபாயும் வீடும் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் உத்தரவிட்டது.

மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்திலுள்ள மெர்லிமாவுக்கும் இந்நிகழ்வுக்கும் என்ன தொடர்பு? மருத்துவ முறையில் நேரடித் தொடர்பில்லை. ஆனால் இரத்த ஏற்றத்தை அஞ்சும் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், அவற்றிலிருந்து குடிபெயர்ந்தோர் வாழும் ‘தாமான்’ குடியிருப்புகளிலும், அறுவைக்கோ பேற்றுக்கோ ஜாசின் அல்லது மலாக்கா மருத்துவமனைக்குப் போகும் குடும்பம் கேட்கும் கேள்வி நமக்குப் பழக்கமானது: “வெளியாள் ரத்தம் வேணாம், நம்ம ஆளுங்க ரத்தமே ஏத்தலாமா?” இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இரத்தத்தின் வழியே நோய் பரவும் என்பது உண்மை. ஆனால் அச்சம் நிற்க வேண்டிய இடம் வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தானம் கொடுப்பவரிடம் நாம் பேசும் முறையிலும், அவருக்குப் பரிசோதனை முடிவைச் சொல்லும் முறையிலும்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

முதலில் “நம்ம ஆளுங்க” என்ற நம்பிக்கை. சாத்தூரில் ஏறிய இரத்தமே உறவினருக்காகக் கொடுக்கப்பட்டதுதான். உறவுக்காக மருத்துவமனை வாசலில் நிற்பவனால் “என்னால் முடியாது” என்று சொல்ல இயலாது. மாமன், மச்சான், அண்ணி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் அந்தரங்க வாழ்வைப் பற்றிய படிவக் கேள்விக்கு உண்மை எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மருத்துவமும் இந்த நம்பிக்கைக்கு எதிராகவே பேசுகிறது. மிக நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அயலாக அறியாமல் விட்டுவிட, அவ்வணுக்கள் அவர் உடலையே தாக்கும் அரிய நோய் ஒன்று உண்டு. வந்தால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகும். அதனால்தான் உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றவேண்டும் என்கிறார்கள். இந்திய உச்சநீதிமன்றம் 1996இல் ‘காமன் காஸ்’ வழக்கில் பணத்துக்கு இரத்தம் விற்பதை ஒழிக்கச் சொன்னது. அந்த நல்ல தீர்ப்புக்குப் பிறகும் உறவின் நிர்ப்பந்தத்தால் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் தொடர்ந்தது. மலேசியாவில் சேரும் இரத்தம் ஏறத்தாழ முழுவதும் தன்விருப்பக் கொடை. இது நாம் பொத்திக் காக்க வேண்டிய வலிமை.

அடுத்து, பரிசோதனை. தொற்று ஏற்பட்ட நாளுக்கும் சோதனை அதைக் காட்டும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைக்கு எச்.ஐ.வி.யில் அது ஏறக்குறைய மூன்று வாரம். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனையில் அது பத்து நாள் அளவுக்குச் சுருங்கும். மலேசியாவில் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. நியூக்ளிக் அமிலச் சோதனையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. சாத்தூர் நிகழ்வுக்குப் பின் பலரும் இந்த இடைவெளியைத்தான் காரணம் காட்டிப் பேசினர். அது பொருந்தாது. அந்த இளைஞர் 2016இலேயே இரத்தம் கொடுத்திருந்தார் என்பதும், அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. இரண்டாண்டுப் பழைய தொற்றைச் சாதாரணச் சோதனையே காட்டியிருக்க வேண்டும். அறிவியலின் எல்லை என்று இதைச் சொல்லி நகர்ந்துவிட முடியாது. சோதனையைச் செய்யவேண்டியவர் சரியாகச் செய்யவில்லை. முடிவைச் சொல்லவேண்டியவர் சொல்லவில்லை. இந்த இரண்டாவது தவறே எனக்கு முதன்மையாகப் படுகிறது. 2016இல் யாரேனும் அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருந்தால், அவர் சிகிச்சை பெற்றிருப்பார், மறுமுறை கை நீட்டியிருக்கமாட்டார். இந்த முழு நிகழ்விலும் தானாக முன்வந்து உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரையே நாம் இழந்தோம்.

பிரிட்டனில் நடந்ததும் இதே வகை. அங்கு 30,000க்கும் மேற்பட்டோர் இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் எச்.ஐ.வி.க்கும் ஹெப்படைட்டிஸ் சி-க்கும் ஆளாயினர். 2024 மே 20 அன்று வெளியான சர் பிரையன் லாங்ஸ்டாஃபின் விசாரணை அறிக்கை, கிருமியைவிட மறைப்பின் மீதே கடுமையாகக் கை வைத்தது. நோயாளிகள் பலருக்குத் தாங்கள் சோதிக்கப்பட்டதும் தெரியாது, முடிவும் தெரியாது.

மெர்லிமாவ் மக்களின் அச்சம் எச்.ஐ.வி.யையே சுற்றிவருகிறது. ஆசிய இரத்த வங்கிகளில் அதைவிடப் பிடிவாதமாக ஒளியும் கிருமி ஹெப்படைட்டிஸ் பி. இங்கே மலேசியா செய்த ஒரு காரியத்தை நம் மக்கள் போதிய அளவு அறியவில்லை. 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அந்தக் குழந்தைகள்தாம் இன்று இரத்தம் கொடுக்கும் வயதினர். கிளினிக் தாதி பச்சிளங்குழந்தையின் தொடையில் போட்ட ஊசி, முப்பது ஆண்டு கழித்து முன்பின் தெரியாத ஒரு நோயாளியைக் காக்கிறது.

டெங்கியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மலாக்காவில் அது எப்போதும் அருகிலுள்ள நோய். 2007இல் சிங்கப்பூரில் ஒரே கொடையாளரின் இரத்தம் வழியே பிறருக்கு டெங்கி தொற்றியது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. எனவே காய்ச்சல் வந்து தேறியவர் இரத்த வங்கி சொல்லும் காலம்வரை பொறுத்தே கொடுக்கவேண்டும், கொடுத்த மறுநாள் காய்ச்சல் கண்டால் உடனே தெரிவிக்கவேண்டும். மறுபுறம், டெங்கி நோயாளியின் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியதும் “பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்” என்று குடும்பம் மன்றாடுகிறது. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் 372 பேரிடம் நடந்து 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, இரத்தக்கசிவு இல்லாதவருக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு தடைபடவில்லை, பக்கவிளைவுகள்தாம் கூடின என்று கண்டது. பிளேட்லெட்டை அறை வெப்பத்தில் வைக்கவேண்டியிருப்பதால் பாக்டீரியா பெருகும் வாய்ப்பும் அதில் அதிகம். இரத்தத்துக்கு அஞ்சும் அதே குடும்பம் தேவையில்லாத பிளேட்லெட்டைக் கேட்டுப் பெறுவதை மருத்துவர்கள் பொறுமையோடு விளக்கித் தடுக்கவேண்டும். அந்த விளக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும்.

இனி முகாம்கள். கோயிலிலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ இரத்ததான முகாம் நடத்துகையில் எத்தனை பை சேர்ந்தது என்பதையே வெற்றியின் அளவாக அறிவிக்கிறோம். வரிசையில் நிற்பவர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மேசைக்கு முன்னால், பக்கத்து வீட்டு அண்ணன் காதுபடப் படிவக் கேள்விகள் கேட்கப்பட்டால் பதில் உண்மையாக இராது. தனித் திரை வேண்டும். கொடுத்த பிறகும் “என் இரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்” என்று பெயர் வெளிப்படாமல் சொல்லும் தொலைபேசி எண் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் தரப்படவேண்டும். கொடுக்காமல் திரும்புபவரிடம் ஏற்பாட்டாளர் எவரும் காரணம் கேட்கக்கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் திருப்பப்படும் பெண்கள் பலர், அவர்களைப் போலவே அவரும் கேள்வியின்றித் திரும்பிப் போகட்டும். முடிவில் ஐயம் வந்தால் கொடையாளரை நேரில் அழைத்து, அவர் மொழியில், வேறு யாரும் இல்லாத அறையில் சொல்லும் பயிற்சி பெற்ற ஆலோசகர் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். பொய் சொல்லும் கொடையாளரைத் தண்டிக்கவேண்டும் என்ற குரல் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் எழுகிறது. தண்டனையை அஞ்சுபவர் இரத்த வங்கியை மறுபடி அழைக்கமாட்டார். சிவகாசியில் இரத்தம் கொடுத்த இளைஞர் அழைத்தார் என்பதால்தான் அந்தத் தாய்க்கு உடனே மருந்து தொடங்கப்பட்டது. குழந்தை தொற்றில்லாமல் தப்பியதில் அந்த ஓர் அழைப்புக்குப் பங்கு உண்டு.