இளஞ்சிவப்பு வீடும் ஒற்றைச் சொல்லும்

சொற்களோடே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்குச் சில வழக்குகளின் வரலாறு உரையாசிரியர் பூசலாகவே தோன்றும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரில் எழுந்த கீலோ வழக்கு அத்தகையது.

நலிந்த நகரம் அது. 1,500 பேருக்கு மேல் பணியாற்றிய கடற்படை ஆய்வு நிலையம் 1996-இல் மூடப்பட்டது. 1998-இல் ஃபைசர் மருந்து நிறுவனம் ஃபோர்ட் டிரம்புல் பகுதியை ஒட்டி 30 கோடி டாலர் செலவில் ஆய்வகம் அமைக்கப் போவதாக அறிவித்தது. உடனே, விடுதியும் அலுவலகங்களும் புதுக் குடியிருப்புகளும் எழுப்ப ஏறத்தாழ 90 ஏக்கரில் திட்டம் உருவாயிற்று. பெரும்பாலோர் விற்றுவிட்டனர். ஒன்பது பேர் மறுத்தனர். அவர்களுடைய மனைகள் 15. அவற்றுள் ஒன்று சூசெட் கீலோ 1997-இல் வாங்கிய இளஞ்சிவப்பு வீடு. இன்னொரு மூதாட்டி, 1918-இல் தாம் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து வந்தார். இவ்வீடுகள் பாழடைந்தவை என்று நகராட்சியும் சொல்லவில்லை. திட்டத்தின் குறுக்கே நின்றன, அவ்வளவே.

உரிய இழப்பீடு தராமல் தனியார் சொத்தைப் பொதுப் 'பயன்பாட்டுக்கு' எடுக்கலாகாது என்கிறது 1791-இல் நிறைவேறிய ஐந்தாம் திருத்தம். பயன்பாடு என்றால் சாலை, பாலம், பள்ளி என எளிய வாசகன் கொள்வான். நீதிமன்றங்களோ அதைப் பொது 'நோக்கம்' என விரித்துப் பொருள் கொண்டன. வாஷிங்டன் நகரச் சேரிகளை அகற்றிய வழக்கில் 1954-இல் வந்த தீர்ப்பு இவ்வழியை அகலமாக்கியது. பயன்பாட்டைக் கண்ணால் காணலாம். நோக்கத்தை எடுப்பவர் வாய்ச்சொல்லால்தானே அறிய வேண்டும்?

2005 ஜூன் 23 அன்று ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் நகராட்சியே வென்றது. வேலைவாய்ப்பும் வரி வருவாயும் பொது நோக்கமே என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். அப்படியானால் எவர் சொத்தையும் அவரினும் செல்வர்க்கு மாற்றித் தரலாமே என மறுத்தெழுதினார் நீதிபதி ஓ'கானர்.

வீட்டுக்காரர்களுக்காக வாதாடியது, அரசின் தலையீட்டை எங்கும் ஐயுறும் லிபர்டேரியன்களின் 'இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்'. அவர்கள் கொள்கையை முழுதாக ஏற்க நமக்கு மனமில்லை. கட்டுப்பாடுகளே இல்லாவிடின் குத்தகை உழவனுக்கும் வாடகைக் குடியிருப்போர்க்கும் யார் துணை? ஆயினும் இங்கே அரசின் கை வலியோர் பக்கமே நீண்டது. கறுப்பின மக்களின் குடியுரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யும் இவ்வழக்கில் வீட்டுக்காரர் பக்கம் நின்றதை, இடது வலது என்று எளிதில் பிரித்துப் பேசும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பின் 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் கையகப்படுத்தல் சட்டங்களைத் திருத்தின. இளஞ்சிவப்பு வீட்டைப் பிரித்தெடுத்து நகரின் வேறோர் இடத்தில் மீண்டும் கட்டினர். 2009-இல் ஃபைசர் நியூ லண்டனை விட்டு நீங்குவதாக அறிவித்தது. விடுதி எழவில்லை. வீடுகள் நின்ற நிலம் பல்லாண்டு புதர் மண்டித் தெருப்பூனைகளின் உறைவிடமாகக் கிடந்தது.