புல்லுண்ட கல்நந்தி

மட்டக்களப்பு வாவி அந்நாட்டை இரு கூறாக வகுத்துக் கிடக்கின்றது. கதிரவன் எழும் கடற்புறம் எழுவான்கரை. அவன் சாயும் வயற்புறம் படுவான்கரை. படுவான்கரைக் கொக்கட்டிச்சோலையிலே தான்தோன்றீஸ்வரர் ஆலயம் விளங்குகின்றது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அடியார் பலர் மண்முனைத் துறையில் ஓடமேறியே அக்கரை சேர்ந்தனர். இவ்வாவி வழியை அடைத்தது; கோயிலைக் காத்ததும் அதுவேயாகலாம்.

கோயிலின் தோற்றத்தைக் கூறும் ஐதிகம் எளியது. திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரமொன்றை வெட்டினான். வெட்டுண்ட இடத்திற் குருதி பெருகிற்று. அஞ்சிய வேடன் ஆங்கே இலிங்கத்தைக் கண்டான். மண்முனையை ஆண்ட உலகநாச்சி செய்தியறிந்து ஆலயம் எடுப்பித்தாள் என்பர். கலிங்க நாட்டிலிருந்து வந்த அரசமகளாக அவளைக் குறிக்கும் 'மட்டக்களப்பு மான்மியம்', எஃப். எக்ஸ். சி. நடராசாவால் 1962இல் பதிப்பிக்கப்பெற்றது.

ஆயினும், அங்கு செல்வோர் முதலில் தேடுவது கல்லிற் செதுக்கிய நந்தியையே. புராணத்தின்படி நந்தி, சிலாத முனிவர் தவத்தாற் பெற்ற மகன். அற்பாயுள் என்று விதிக்கப்பட்ட அச்சிறுவன் தானும் தவமிருந்து, காலனை வென்று, சிவகணங்களின் தலைவனாய்த் திருவாயில் காக்கும் பேறு பெற்றான். காவலே அவன் தொழில். கொக்கட்டிச்சோலைக் கதையின் உயிரும் அதுவே.

கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன், கல்நந்தியைக் காட்டி, "இது புல் தின்னுமா?" என்று எள்ளினானாம். குருக்கள் இறைவனை வேண்டிப் புல்லை நீட்டினார். நந்தி எழுந்து புல்லை உண்டது, சாணமும் இட்டது, எள்ளியவனை உதைத்தும் தள்ளியது. சாணம் இட்டதைக் கூற மறந்த முதியவர் அவ்வூரில் இரார்!

வரலாறு இதற்கு எவ்வளவு இடந்தரும்? 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாலே கோட்டை கட்டினர். 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவிலும் கோட்டை எழுந்தது. கோணேசர் கோயிலுக்கு நேர்ந்ததைக் கேள்வியுற்றோர்க்கு, அடுத்தது தம் கோயிலோ என்னும் அச்சம் பிறந்திருத்தல் இயல்பே. ஆனால் 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டைப் போர்த்துக்கேயரின் ஆட்சி பத்தாண்டே நிலைத்தது. வாவி கடந்து, சேறும் காடும் தாண்டி உள்நாட்டிற் படை செலுத்த அவர்க்குப் போதிய ஆளும் அவகாசமும் இருந்தனவா என்பது ஐயமே. பீரங்கியில்லா உழவர்க்கு, அத்தப்பிப் பிழைப்பை விளக்க, தம் தொழுவத்து எருதின் உருவில் நின்ற தெய்வத்தினும் பொருத்தமான வீரன் வேறெவன்?

பிறிதொன்றும் கருதத்தக்கது. இவ்வாலயத்திற் பூசை புரிவோர் வீரசைவ மரபினரான குருக்கள்மார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கன்னட நாட்டில் அந்நெறியை வளர்த்த பசவரை நந்தியின் அவதாரமாகவே வீரசைவர் போற்றுவர். 'பசவ' என்னும் சொல்லே எருதைக் குறிப்பது. ஆகவே புல்லை நீட்டிய கையும் அதனை உண்ட வாயும் ஒரே மரபின் இரு முகங்கள் எனலாம். இலிங்கத்தினும் நந்தியே இங்குக் கதைகளில் மிகுதியாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆண்டுதோறும் தேரோட்டத்திற்குத் திரளும் சிறுவர்க்கு இக்கதையைப் பெரியோர் இன்றும் நந்தியின் முன்னிலையிலேயே சொல்கின்றனர். கேட்ட சிறுவன், நந்தியின் வாயருகே ஒரு முறையேனும் உற்று நோக்காமல் அகல்வதில்லை.