சர்ப்பகந்தா: மனதைத் தணித்த வேர், மனதை வாட்டிய வேர்

சென்ற மாதம் கல்வராயன் மலைக்குப் போய்வந்த நம் குடியிருப்பு நண்பர் ஒருவர், வெள்ளிமலைப் பக்கம் சாலையோரத்தில் ஒரு பொட்டலம் வேர்ப்பொடி வாங்கி வந்தார். "மனக்கவலை போகும், நல்லா தூக்கம் வரும்" என்றாராம் விற்றவர். பெயர் கேட்டதற்குச் "சிவன் அமல்பொடி" என்றார். சர்ப்பகந்தாவுக்கு அப்படியொரு தமிழ்ப் பெயர் உண்டு. எனக்குத் திக்கென்றது. பொட்டலத்தில் இருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி. இடித்துப் பொடியாக்கிய பின் எந்த வேர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வேரின் கதை விசித்திரமானது. பீகார்ப் பக்கம் இதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே அழைத்தார்கள். 1931-இல் சென், போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள், பித்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது உதவுகிறது என்று எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், ரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவமனைகளிலும் அது நுழைந்தது.

பிறகுதான் சிக்கல். ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமே இல்லாமல் மனம் உடைந்து போனார்கள். தற்கொலை எண்ணம்கூட வந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் அது நீடித்தது. மூளை நரம்புகள் சேமித்து வைத்திருக்கும் செரோடோனின் போன்ற பொருட்களை ரெசர்பைன் வற்றச் செய்கிறது என்று 1950-களில் கண்டுபிடித்தார்கள். அவை குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கருத்து இதிலிருந்தே வலுப்பெற்றது. ஆனால் 1955-இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பைன் கொடுத்தபோது பலன் தெரிந்தது! ஒரே மருந்து இரண்டு பக்கமும் பேசியது. அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பேன்.

மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எல்லாம் சின்னத் தொல்லைகள். வேறு மாத்திரைகளோடு சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம் என்பதுதான் பெரிது. வேர் காட்டில் அருகி வந்ததால் 1990-இல் அதன் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

ஆன்லைனில் வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் இப்படித்தான். லேசான மனச்சோர்வுக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் 2000-ஆம் ஆண்டு சூரிச்சில் மாற்று இதயம் பொருத்திய இருவருக்கு, இதைச் சாப்பிட்டதால் சைக்ளோஸ்போரின் அளவு குறைந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது.

நம் நண்பர் ஐந்து வருடமாக பி.பி. மாத்திரை எடுப்பவர். பொடியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். "அது மூலிகைதானே சார்" என்றார். பொட்டலம் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.