அச்சத்தின் ஊற்று
குவேனி கதையும் திகிற்படங்களின் மதிப்பீடும்

இலங்கையின் வடமேற்குக் கரையில் மகா ஓயாவின் முகத்துவாரத்திலிருந்து குதிரைமலை முனை வரை நீளும் கரையோரம் புத்தளம் மாவட்டத்துக்கு உரியது. சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என மீன்பிடியாலும் உப்பு விளைச்சலாலும் வாழும் ஊர்கள் இங்கு அமைந்துள்ளன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழ்ந்துவரும் இக்கரை, வரலாற்று மாணவருக்கு மட்டுமன்றிக் கதைகளின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராய்வோருக்கும் முக்கியமானதாகும். இலங்கையின் வரலாற்று மரபில் மிகவும் பெயர்பெற்ற அச்சக் கதை, அதாவது இயக்கி குவேனியின் கதை, இக்கரையோடு இணைத்தே பேசப்பட்டு வருகிறது.

அச்சக் கதைகள் இன்று பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே மக்களைச் சென்றடைகின்றன. அவற்றுட் பல சிறுகதைகளைத் தழுவிக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. இத்தகைய படங்களை விமர்சகர் பலர் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துவோரும் பார்ப்போர் எத்தனை முறை திடுக்கிட்டனர் என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்வளவுகோல் போதுமானதன்று. அச்சத்தின் ஊற்று எது, மூலக்கதையிற் சேர்க்கப்பட்டது எதற்காக, பொருட்குறை கலையாக மாறியதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பியே திகிற்படமொன்றை மதிப்பிடுதல் வேண்டும். இவற்றுள் முதலாவது வினாவே தலையாயது. அவ்வினாவின் தேவையைக் குவேனி கதை தெளிவாக உணர்த்துகிறது.

குவேனி: அஞ்சப்பட்டவளும் அழிக்கப்பட்டவளும்

கி. பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் மகாநாம தேரர் பாளி மொழியில் இயற்றிய மகாவம்சம், விசயனும் அவனுடைய 700 தோழரும் தம்பபண்ணி என்னும் இடத்தில் கரையிறங்கியதாகக் கூறுகிறது. நிலத்தைத் தொட்ட கைகள் செம்மண்ணாற் செம்பின் நிறம் பெற்றமையே அப்பெயருக்குக் காரணம் என்பது அந்நூலின் விளக்கம். தம்பபண்ணியின் இடம் இன்னும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. எனினும், செம்மண் மேடாகக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையை அதனோடு இணைத்துப் பார்க்கும் மரபு வலுவானது.

கதையின் தொடக்கம் திகிற்படத்துக்குரிய எல்லா இலக்கணங்களையும் உடையது. மரத்தடியிலே தவப்பெண்ணைப் போல அமர்ந்து ஒருத்தி நூல் நூற்கிறாள். அவளிடம் செல்லும் தோழர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். அவர்களைத் தேடிவரும் விசயன் அவள் கழுத்தில் சுருக்கிட்டு, கூந்தலைப் பற்றி, வாளை ஓங்குகிறான். அவள் உயிர்ப்பிச்சை கேட்டு அடிபணிகிறாள். இதுவரை அச்சத்துக்குரியவள் அவளே. ஆனால் பின்னர் நிகழ்வன வேறு. தோழரை மீட்டுக் கொடுப்பவளும், உணவு அளிப்பவளும், சிறிசவத்து நகரின் இயக்கரை வெல்ல வழிகாட்டுபவளும் அவளே. விசயனுக்கு இரு குழந்தைகளையும் அவள் பெறுகிறாள்.

விசயன் முடிசூடுவதற்கு அரசகுலத்துப் பெண் தேவை என்னும் நிலை ஏற்பட்டதும் மதுரைக்குத் தூது செல்கிறது. பாண்டியன் மகள் வந்து சேர்கிறாள். மனிதர் அமானுடரைக் கண்டு அஞ்சுவர் என்னும் காரணத்தைக் கூறி விசயன் குவேனியை அகற்றிவிடுகிறான். தன் இனத்தாரிடம் திரும்பிச் சென்ற அவளை, ஒற்றறிய வந்தவள் எனக் கருதி இயக்கன் ஒருவன் ஓரே அடியிற் கொன்றுவிடுகிறான். குழந்தைகள் மலைநாட்டுக்குத் தப்பியோடுகின்றன.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவள் வலிமையுடையவளாக இருந்தபோது அவளது இயக்கத் தன்மை விசயனுக்குப் பயன்பட்டது. அவளது தேவை முடிந்தபோது அதே தன்மை அவளைத் துரத்துவதற்குக் காரணமாயிற்று. மக்களின் அச்சம் என்பது ஆள்வோன் கையிற் கருவியாகிறது. வென்றவனின் மரபில் எழுதப்பட்ட நூலே இவ்வளவையும் மறைக்காமற் கூறுவதால், அக்கதையை மறுபுறமிருந்து வாசிக்கவும் இடமுண்டு. ஹென்றி ஜயசேன 1963இல் மேடையேற்றிய 'குவேனி' என்னும் சிங்கள நாடகம் அவ்வாறான வாசிப்புக்கு ஒரு சான்றாகும்.

இதே கரையிலுள்ள உடப்பில் திரௌபதி அம்மன் ஆலயத் தீமிதிப்பு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. சபையில் அவமதிக்கப்பட்ட ஒருத்தி அங்கே தெய்வமாக வணங்கப்படுகிறாள். கைவிடப்பட்ட குவேனியோ இயக்கியாகவே நினைக்கப்படுகிறாள். இருவரும் அநீதிக்கு ஆளானவர்களே. ஒருத்தியின் துயரத்தை ஊர் தன் துயரமாக ஏற்றுக்கொண்டது; மற்றவளின் துயரத்தை ஏற்கவில்லை. அச்சக் கதையொன்று எவருக்காக இரங்குகிறது, எவரை அஞ்சச் செய்கிறது என்பது வெறும் கலைப் பிரச்சினை அன்று என்பதற்கு இவ்வேறுபாடே போதிய சான்றாகும்.

பொருட்குறையும் கலை நிறைவும்

குறைந்த செலவுத் திகிற்படத்தைப் பற்றிப் பேசுவோர் வால் லூட்டனைத் தவிர்க்க முடியாது. 1942இல் ஹொலிவூட்டின் ஆர். கே. ஓ. நிறுவனம் படமொன்றுக்கு 150,000 டொலருக்கு மேற்படாத செலவில் திகிற்படங்களைத் தயாரிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஜாக் டூர்னர் நெறிப்படுத்திய 'கற் பீப்பிள்' அவ்வாண்டில் வெளிவந்தது. அதற்கெனப் புதிய மாளிகை கட்டப்படவில்லை. வேறொரு படத்துக்காக அமைக்கப்பட்டிருந்த படிக்கட்டு பயன்படுத்தப்பட்டது. கொடிய விலங்கு பெரும்பாலும் நிழலாகவும் ஒலியாகவுமே உணர்த்தப்பட்டது. இரவில் தனியே நடக்கும் பெண்ணைத் தொடரும் காலடி ஓசை திடீரென நிற்கிறது. அடுத்த கணம் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ் வண்டி. காட்டுவதற்குப் பணமில்லாத இடத்தில் காண்போரின் கற்பனையே வேலை செய்தது.

லூட்டன் தயாரித்து றொபேட் வைஸ் நெறிப்படுத்திய 'த பொடி ஸ்னாச்சர்' என்னும் படம் 1945இல் வெளிவந்தது. இது றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் 1884இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவியது. கதைக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியரான நொக்ஸ் என்பவரின் கூடத்துக்கு விற்றனர். 1828இல் அது வெளிப்பட்டது. 1829இல் பேர்க் தூக்கிலிடப்பட்டான். 1832இல் உடற்கூற்றியற் சட்டம் நிறைவேறியது. விற்றவர் கொலைஞர். எங்கிருந்து வந்தன என்று கேளாமல் வாங்கியவர்களோ கற்றறிந்தோர்.

சிறுகதையிலிருந்து படம் இரு முக்கிய இடங்களில் விலகுகிறது. முதலாவது, நடக்க இயலாத சிறுமி ஒருத்தி படத்திற் சேர்க்கப்பட்டுள்ளாள். அவளுக்குச் சத்திரசிகிச்சை செய்ய மருத்துவருக்கு ஆராய்ச்சி தேவை. ஆராய்ச்சிக்கு உடல் தேவை. இச்சேர்க்கை குற்றத்துக்கு நியாயம் கற்பிப்பது போலத் தோன்றலாம். உண்மையில் அது குற்றத்தை இன்னும் கடுமையாக்குகிறது. நல்ல நோக்கமுடைய ஒருவன் எப்படிப் படிப்படியாகக் கொலைக்கு உடந்தையாகிறான் என்பதை அது விளக்குகிறது. இரண்டாவது, முடிவு. சிறுகதையில், தோண்டியெடுத்த பெண்ணின் உடல் முன்னர் கொலையுண்ட கிறே என்பவனின் உடலாகவே மாறிவிடுகிறது. படத்தில் மருத்துவர் கிறேயின் உடலைக் காண்கிறார்; வண்டி பள்ளத்தில் வீழ்ந்த பின் விளக்கொளியிற் பார்க்கும் மாணவனோ பெண்ணின் உடலையே காண்கிறான். புறத்தே இருந்த பேயைப் படம் மனச்சாட்சிக்குள் இடம்மாற்றிவிட்டது.

தெருவிற் பாடித் திரியும் பெண் கொல்லப்படும் காட்சி இப்படத்தின் உச்சம். அவள் பாடியபடி இருளுக்குள் நடக்கிறாள்; குதிரைவண்டி பின்தொடர்ந்து அதே இருளுக்குள் நுழைகிறது; பாடல் நடுவில் அறுந்துவிடுகிறது. கொலை காட்டப்படவில்லை. எனினும் ஒரு குறையையும் இங்கு சுட்டவேண்டும். அப்பெண்ணுக்குப் பாட்டைத் தவிர வேறெதையும் படம் கொடுக்கவில்லை. கொன்றவரின் உள்ளத்தை ஆழமாக ஆராயும் படம், இறந்தவளின் வாழ்வை அறிய முற்படவில்லை.

இக்குறையை நிவர்த்தி செய்த படமொன்று தென்னிந்தியாவிலிருந்து வந்தது. வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' என்னும் சிறுகதைக்கு அவரே திரைக்கதை எழுத, ஏ. வின்சென்ட் நெறிப்படுத்திய 'பார்கவி நிலயம்' 1964இல் மலையாளத்தில் வெளிவந்தது. பாழ்வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் அங்கு உலவுவதாகக் கூறப்படும் பார்கவியின் ஆவிக்கு அஞ்சி ஓடவில்லை, அவளோடு பேசுகிறான், அவள் கதையை எழுதத் தொடங்குகிறான். ஊரார் அஞ்சியது பார்கவிக்கு. அஞ்சப்பட வேண்டியவனோ அவள் சாவுக்குக் காரணமான உயிருள்ள மனிதன். பேயெனப்பட்டவளுக்கு வாழ்வும் வழக்கும் திருப்பிக் கொடுக்கப்படுகின்றன.

'நிதானய': புதையலும் பலியும்

இலங்கைத் திரைப்படத்தில் இவ்வினாக்களுக்கு மிகச் சிறந்த விடையளிப்பது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972இல் அளித்த 'நிதானய' ஆகும். புதையல் என்பது இச்சிங்களப் பெயரின் பொருள். ஜீ. பீ. சேனாநாயக்கவின் சிறுகதையைத் தழுவித் திஸ்ஸ அபேசேகர திரைக்கதை எழுதினார். எம். எஸ். ஆனந்தன் ஒளிப்பதிவு செய்தார். பிரேமசிறி கேமதாச இசையமைத்தார். 1997இல் சிங்களத் திரைப்படத்தின் ஐம்பதாண்டு நிறைவின்போது அவ்வரை நூற்றாண்டின் தலைசிறந்த படமாக இது தெரிவுசெய்யப்பட்டது. இதனைத் திகிற்படம் என்று அழைக்கப் பலர் தயங்குவர். பேய் தோன்றவில்லை என்பதே அத்தயக்கத்தின் காரணம். ஆனால் அச்சத்தின் ஊற்றை ஆராயுமிடத்து, இதைவிடத் திகிலூட்டும் படங்கள் மிகச் சிலவே எனலாம்.

செல்வம் இழந்த பிரபுக்குடும்பத்தைச் சேர்ந்த வில்லி அபேநாயக்க, மறைந்திருக்கும் புதையலொன்றைப் பற்றி அறிகிறான். கழுத்தில் நான்கு கரிய மறுக்களையுடைய கன்னியைப் பலியிட்டாலே அது கிட்டும் என்பது நம்பிக்கை. அத்தகைய ஐரீன் என்பவளைக் கண்டு மணந்துகொள்கிறான். அவள் அவனை நேசிக்கிறாள். இறுதியில் அவன் அவளைப் பலியிடுகிறான், புதையல் கிட்டவில்லை. நிகழ்ந்தவற்றை எழுதிவைத்துவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொள்கிறான்.

புதையலைக் காக்கும் பூதத்தைப் பற்றிய நம்பிக்கை இலங்கை மக்களிடையே சாதாரணமானது. பீரிஸ் பூதத்தைக் காட்ட முற்படவில்லை. கறுப்பு வெள்ளையில், பழைய மாளிகையின் அமைதிக்குள், தந்திரக் காட்சிகள் எவையுமின்றிப் படம் நகர்கிறது. ஒவ்வொரு சிறு அன்பும் பார்ப்போரை நடுங்கச் செய்கிறது. ஏனெனில் பலிக்கான நாள் நெருங்குவதை ஐரீனைத் தவிர எல்லோரும் அறிவர். காமினி பொன்சேகாவின் வில்லி கொடியவனாகத் தோன்றவில்லை. பண்பும் கல்வியும் உடைய மென்மையான கணவனாகவே தோன்றுகிறான். குடும்பப் பெருமை என்னும் இறந்துபோன ஒன்றுக்கு உயிருள்ள ஒருத்தியைக் கொடுக்கத் துணியும் வர்க்கம் ஒன்றின் முகமே அது.

இப்படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கதை முழுவதும் வில்லியின் வாக்குமூலமாகவே அமைகிறது. ஐரீன் தன் கதையைத் தானே கூற வாய்ப்பில்லை. விசயனின் வழிவந்தோர் குவேனியை எழுதியது போலவே, கொன்றவனே கொல்லப்பட்டவளை எழுதுகிறான். ஆயினும் மாலினி பொன்சேகாவின் நடிப்பு அவ்வாக்குமூலத்துக்கு அடங்காமல் நிற்கிறது. கணவனின் சொற்கள் சொல்லாத நம்பிக்கையை அவர் முகம் சொல்கிறது. படத்தின் அறம் அங்கேதான் தங்கியுள்ளது.

மீண்டும் கரையோரம்

குவேனியையும் ஐரீனையும் அருகருகே வைத்து நோக்கும்போது இரு கதைகளின் ஒற்றுமை புலப்படும். ஒருத்தி முடிக்காகக் கைவிடப்பட்டாள். மற்றவள் பொன்னுக்காகப் பலியிடப்பட்டாள். இருவரும் தம்மை அழித்தவனை நம்பினர். வேற்றுமை என்னவெனில், பழங்கதை பெண்ணை அச்சத்துக்குரியவளாகக் காட்டியது. படம் அச்சத்தை அதற்குரிய இடத்துக்கே திருப்பியது. இத்திருப்பமே நல்ல திகிற்படத்தின் முதல் இலக்கணமாகக் கொள்ளத்தக்கது.

புத்தளக் கரைக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே வந்து தஞ்சமடைந்தனர். சிறு பொதியோடு வந்தவர்களைத் துரத்தியது பேயன்று, மனிதரே. பக்கத்து வீட்டாரை அஞ்சத்தக்கவராகக் கருதும் கதை ஒன்று முதலிற் பரவாமல், பக்கத்து வீடு காலியாவதில்லை.

ஆகவே, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகிற்படமாயினும் அதனை இலேசாக ஒதுக்கிவிடலாகாது. இருளைக் காட்ட அதிக பணம் தேவையில்லை. அவ்விருளில் நிற்பவர் யார் என்பதை நேர்மையாகக் காட்டும் துணிவே தேவை. குதிரைமலையின் செம்மண்ணில் நூல் நூற்றவளின் கதை இன்னும் திரைக்கு உரியவாறு வந்து சேரவில்லை. அது வரும் நாளில், அவள் எத்தனை பேரைப் பிடித்தாள் என்பதோடு நின்றுவிடாமல், அவளை யார், எதற்காகக் கைவிட்டார் என்றும் அப்படம் கேட்குமா என்பதைக் கொண்டே அதன் தரம் துணியப்படும்.